ஐந்தாம் நாள் போட்ட வட்டம்

கலண்டரை வாங்கிக் கொடுத்தவன் நான். அதை மாட்ட ஆணி அடித்தவனும் நான்தான். இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால், இடையில் ஏதாவது நியாயம் கண்டுபிடித்து விட்டுவிடுவேன். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்தத் திறமை உண்டு.

முப்பத்தைந்து வருடங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் வேலை பார்த்தேன். முதல் பாதி கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், மறுபாதி நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில். முழு டாக்டருக்கு உரிய படிப்பு எனக்கு இல்லை. ஆனாலும் தொழிலாளர்கள் "டாக்டரய்யா" என்றார்கள். நான் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. எந்த நோயாளியை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிழமையில், எந்த கிளினிக் அட்டையோடு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் அது மறக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

கேட்க ஒருத்தி வந்தாள். என் மருமகள், தங்கையின் மகள். தங்கை போய்ச் சேர்ந்த பிறகு, கலியாணம் ஆகும் வரை என் வீட்டில் இருந்தவள். எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. எங்கள் காலத்தில் அதற்கு யாரும் அட்டை போடவில்லை. கதிர்காமத்துக்குப் போய் வரச் சொன்னார்கள், போய் வந்தோம். அதனால் இவள்தான் மகள் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். புருஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், அவளும் மாமியாரும்.

அவளுக்கு முப்பத்தேழு முடிந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, கலியாணமாகி ஏழு வருசமாச்சு. இனியும் சும்மா பாத்துக்கிட்டு இருக்க ஏலாது. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்."

இதைவிட இனிமையான வாக்கியத்தை ஓய்வு பெற்ற ஒருவனிடம் யாரும் சொல்ல முடியாது. அன்று மாலையே ஒரு நீளத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெண்ணின் வயது. எத்தனை வருடமாகக் காத்திருக்கிறார்கள் என்பது. கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா, முட்டை ஒழுங்காக முதிர்கிறதா, தைராய்டு எப்படி, உடம்பின் எடை என்ன, புருஷனின் விந்தணு எப்படி, அவனுடைய பழக்கங்கள் என்ன. இவற்றில் எது கெட்டிருந்தாலும் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும். வயதை மட்டும் எந்த மருந்தும் திருத்தாது, ஆகவே ஒரு மாதத்தையும் வீணாக்கக்கூடாது. கடைசி வாக்கியத்தின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்த அவள் புருஷனைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தேன். நல்ல பையன். பையன் என்கிறேன், நாற்பத்தொரு வயது. கவனமாகப் படித்தான்.

"மாமா, வெத்தலையையுமா வுடணும்?"

"பொயிலைய."

"அப்ப வெறும் வெத்தல போடலாமா?"

"பொயிலை இல்லாம நீ எப்ப வெத்தல போட்டே?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, வாயில் இருந்ததைத் துப்ப வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் போடவே இல்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். இளவயது டாக்டரம்மா, சிங்களவர். மருமகளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். பதிலை நான் சொன்னேன். மருமகளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும்; ஆனால் எனக்கு மருத்துவச் சிங்களம் வரும். ஐந்தாவது கேள்வியில் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அங்க்கிள், அவங்களே சொல்லட்டுமே," என்றார் சிங்களத்தில்.

"அவ பயந்த சுபாவம், டாக்டர்," என்றேன். மருமகள் பயந்த சுபாவம் இல்லை. விரியன் பாம்பு கிடக்கும் மலையில் அதைக் கவ்வாத்துக் கத்தியால் தள்ளிவிட்டுக் கொழுந்து எடுப்பவள். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு மாதமும் மாதவிடாய்த் தேதி சரியாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதிலிருந்துதான் எல்லாம் எண்ணப்படும்: இரத்தப் பரிசோதனை எப்போது, மாத்திரை எப்போது, ஸ்கேன் எப்போது, புருஷன் மனைவி எந்த நாட்களில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம். "அதை என் பொறுப்பில் விடுங்கள்," என்றேன்.

அடுத்த வாரம் டவுனில் ஒரு கலண்டர் வாங்கினேன். ஒவ்வொரு தேதிக்கும் பெரிய கட்டம் உள்ளது, மேலே முருகன். லயத்து வீட்டின் முன்னறையில் மாட்ட இடம் தேடினேன். ஒரு பக்கம் அலுமாரி, ஒரு பக்கம் மழைக்கு ஊறும் சுவர். சாமி படங்கள் வைத்த பலகைக்குக் கீழேதான் காய்ந்த இடம் இருந்தது. அங்கே ஆணி அடித்தேன். சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

"வந்தா ஒடனே வட்டம் போடணும். என்னத் தேட வேணாம். நான் வந்து பாத்து எழுதிக்குவேன். வெளங்குதா?"

"வெளங்குது மாமா."

மாமியார் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பள்ளிக்கொடத்துல கூட இம்புட்டு எழுதலயாம் அவ," என்றார். "இப்ப பரீச்ச வேற."

அதற்குப் பிறகு நடந்தது எளிது. வட்டத்தைப் பார்த்து நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன். அவளுக்கு இருபத்தாறு நாள் சுற்று. அதற்கு ஏற்ற மாதிரி பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள் என்று கணக்குப் போட்டுப் புருஷனுக்குத் தொலைபேசியில் சொல்வேன். அவன் லீவு போட்டுவிட்டு இரத்தினபுரி பஸ்ஸில் வந்து, அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து, மழையில் மேலே ஏறி வருவான். முதலாளி மாதம் மூன்று நாள் சும்மா விடுவாரா? ஊரில் ஆட்கள் சாக வேண்டியிருந்தது. சித்தப்பா செத்தார், பெரியம்மா செத்தார், இல்லாத அத்தை ஒருவர் செத்தார்.

"மாமா, கோவிக்காதீங்க," என்றான் ஒருநாள், என் வாசலில் நனைந்துபோய் நின்றுகொண்டு. "சொந்தம் முடிஞ்சிருச்சு. இந்த மாசம் உங்கள சாகடிச்சுட்டேன்."

"எப்படிச் செத்தேன்?"

"நெஞ்சு வலி. கஷ்டப்படாமப் போயிட்டீங்க."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"உங்க தோட்டத்துல மனுசன் மிச்சம் இருக்கானான்னு கேட்டாரு."

சிரித்தோம். மூன்று மாதம் கழித்து, மறந்துபோய், என்னை இன்னொரு முறையும் சாகடித்தான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "சாவு சாவுன்னு சொல்லிப்புட்டு வந்தா எப்புடி உசுரு வந்து தங்கும்?" என்றார். நான் அதை மூடநம்பிக்கை என்று குறித்துக்கொண்டேன்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. புருஷனின் பரிசோதனைக்கு ஒரு சிறு போத்தலைக் கொடுத்து ஆஸ்பத்திரிக் கழிவறைக்கு அனுப்பினார்கள். கதவை யாரோ தட்டி, "அண்ணே, உள்ள குடியிருக்கீங்களா?" என்று கேட்க, அவன் வெறும் போத்தலோடு வெளியே வந்தான். அடுத்த வாரம்தான் அது நடந்தது. அறிக்கை சுமாராக, ஆனால் போதுமானதாக இருந்தது. மருமகளின் கருக்குழாய்களில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள்; இரண்டும் திறந்திருந்தன. அன்று பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்கல்ல மாமா, அது போதும்," என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை மட்டும் வரவில்லை. ஒரு வருடம் போனது. விந்தைக் கழுவி, முட்டை வெடிக்கும் நேரம் பார்த்து உள்ளே வைக்கும் முறைக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. அதற்காக என் கணக்கில் பத்தாம் நாள் ஸ்கேனுக்குப் போனோம். முட்டை ஏற்கெனவே வெடித்துப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் எட்டாம் நாளே போனோம். அன்றும் போய்விட்டிருந்தது. எட்டாம் நாளுக்குள் எப்படி என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். அட்டையில், கடைசி மாதவிடாய்த் தேதி என்ற இடத்தில் நான் சொல்லி எழுதப்பட்டிருந்த தேதிக்குப் பக்கத்தில், ஒரு கேள்விக்குறி போட்டார்.

"தேதி நிச்சயந்தானா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

மருமகள் வாயைத் திறந்தாள். "கலண்டர்ல போட்டிருக்கு," என்றேன் நான், என் குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்து. முப்பத்தைந்து வருடமாக அந்தத் தேதியைப் பதிவேட்டில் எழுதியவன் முன்னால் ஒரு கேள்விக்குறி! வீடு திரும்பும் வரை அந்தக் கேள்விக்குறியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அன்று அவள் என்ன சொல்ல வாயைத் திறந்தாள் என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். ஞாபகம் இல்லை என்கிறாள்.

அந்த முறையைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஏழு மாதம் நான் பழையபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பழைய சூப்பர்வைசர் ஒருவர் இறந்தபோது, சாவு வீட்டுக்குக் கரவனெல்லயிலிருந்து மருத்துவிச்சி அம்மா வந்திருந்தார். என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். சிங்களவர், தோட்டத்திலேயே கிடந்து தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார்; என்னை மட்டும் சிங்களத்தில் "மாத்தயா", அதாவது ஐயா, என்பார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். டாக்டரம்மாவின் கேள்விக்குறியைப் பற்றி முறையிட்டேன். குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். சாவு வீட்டுக்கு அதைக் கொண்டுபோயிருந்தேன் என்பதைக் கவனிக்கவும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாத்தயா, இது தலைக்கு ஊத்தின நாளா, அதுக்கு முந்தி வந்த நாளா?"

"கலண்டர்ல வட்டம் போட்ட நாள்."

"கலண்டர் எங்க தொங்குது?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய முகத்தைப் பார்த்து எனக்கே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னார். பழகிய ஆள், விடமாட்டார்.

"ஐயோ மாத்தயா. சாமி படத்துக்கிட்ட அந்த நாளுல எந்தப் புள்ள போகும்? குளிச்சுட்டுத்தான் போய் வட்டம் போட்டிருக்கும். அந்தக் காலத்துல கிளினிக்குல நான் ஒவ்வொருத்தியா கேப்பேன், உங்க வீட்டுல எத்தன நாளு கழிச்சு ஊத்துறதுன்னு. மூணுன்னா ரெண்டு கழிப்பேன், அஞ்சுன்னா நாலு கழிப்பேன். கழிச்சுட்டுத்தான் உங்களுக்குத் தேதி சொல்லுவேன். நீங்க எழுதுவீங்க."

நான் எழுதுவேன். அழகான கையெழுத்து. பதிவேட்டைப் பரிசோதிக்க வந்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் தாய், தங்கை, மனைவி எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். அந்த நாட்களில் மலைக்குப் போகலாம், கூடை தூக்கலாம், மழையில் நனையலாம், சாமி பலகைக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாது. இதை நான் வாழ்நாள் முழுதும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் ஆணி அடித்த இடத்தையும் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சிகிச்சை பலிக்காமல் போவதற்கான காரணங்கள் என்று என் தாளில் அத்தனை எழுதினேனே, நோயாளிக்குப் பதிலாகப் பதில் சொல்லும் மாமன் அதில் இல்லை.

சாவு வீட்டிலிருந்து நேராக லயத்துக்குப் போனேன். மருமகள் வேலை முடிந்து வந்து, கால்களில் அட்டைப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, வட்டம் எந்த நாள் போடுற?"

"குளிச்சுட்டு வந்து, மாமா."

"எத்தனாவது நாள்?"

"அஞ்சாவது நாள். எங்க வீட்டுல மூணு, இங்க அத்தைக்கு அஞ்சு." என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் மாமா, அதுக்கு முந்தி எப்புடி அதத் தொடுறது?"

நான்கு நாள். அவளுக்கு முட்டை வெடிக்கும் நாள் தாண்டிய பிறகுதான் நான் பத்தாம் நாள் என்று எண்ணியிருக்கிறேன். முட்டை ஒரு நாளுக்குமேல் காத்திருக்காது. ஒவ்வொரு மாதமும், பொய்ச் சாவு சொல்லி, இரண்டு பஸ் மாறி, மழையில் ஏறி வந்தவனை, எல்லாம் முடிந்த பிறகு வரவைத்திருக்கிறேன். முன்பு நாள் பார்க்காமல் போயாவுக்கு வந்து போனபோதாவது, சில மாதங்கள் தற்செயலாகச் சரியான நாளில் வந்திருப்பான். என் கணக்கு அந்தத் தற்செயலையும் ஒழித்துவிட்டது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இனிமே வந்த அன்னைக்கே எனக்குப் போன்ல சொல்லு. கலண்டர் வேணாம். இது புது முறை."

"சரி மாமா," என்றாள். எந்த முறையையும் அவள் கேள்வி கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. அட்டையை எடுத்து அந்தக் கேள்விக்குறியைப் பேனாவால் அடித்தார், சரியான தேதியை எழுதினார். முட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். முதலில் பார்த்தபோது இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அவளுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

சரியான தேதியில் ஸ்கேன் பார்த்தபோது முட்டை இருந்தது. திரையில் ஒரு கறுப்பு வட்டம். முதல் தடவை வைத்தது தங்கவில்லை. இரண்டாவது தடவை தங்கியது.

அந்த மூன்று வாரங்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். புருஷன் கடையில் உண்மையைச் சொன்னானாம். முதலாளி எல்லோருக்கும் தேநீரும் பணிஸும் வாங்கிக் கொடுத்தாராம். மாமியார் மருமகளைக் கூடை தூக்க விடவில்லை. கங்காணியிடம் தானே போய்ச் சண்டை போட்டு, இலேசான வேலை வாங்கிக் கொடுத்தார். என்னைப் பார்த்தபோது, "அண்ணே, உங்க பரீச்ச பாஸு," என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேயிலை மலையில் அவளுக்கு உதிரம் பட்டது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மாமியாரின் மடியில் தலை வைத்திருந்தாள். நான் முன்னால், ஓட்டுநரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கிறது, அடுத்து என்ன செய்வார்கள், எந்த வார்டு, எந்தப் படிவம், எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் உதவவில்லை.

வயது கூடக் கூட முட்டையின் தரம் குறையும், அப்படிப்பட்ட கரு பல சமயம் தங்காது, இது யாருடைய தவறும் இல்லை என்று டாக்டரம்மா அவளிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை நான் நடுவில் பேசவில்லை. அவளே கேள்விகள் கேட்டாள். நல்ல கேள்விகள். இனி இதே முறை பலிக்குமா? வாய்ப்பு மிகக் குறைவு. கொழும்பில் சோதனைக் குழாயில் வைத்துச் செய்வார்களாமே? செய்யலாம், ஆனால் இருக்கும் முட்டையை வைத்துப் பார்த்தால் தன்னால் நம்பிக்கை கொடுக்க முடியாது. சரி, நன்றி மிஸ், என்றாள்.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். மழை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், ஆறும் வரை கையில் வைத்திருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இந்தப் புது முறைய மொதல்லயே குடுத்திருந்தா?"

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தேன். அன்று அது வரவில்லை. புது முறை என்று ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வட்டம் போட்ட நாளைத்தான் முதல் நாள் என்று எண்ணினேன், நான்கு நாள் பிந்தி எண்ணினேன், இருபது மாதம் எண்ணினேன், மருத்துவிச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், தெரிந்த பிறகும் உன்னிடம் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"நான்தானே மாமா வட்டம் போட்டேன்," என்றாள். "என் கைதானே. குளிச்சுட்டுப் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்குப் புத்தி இல்ல."

"இல்ல புள்ள. நான் கேக்கல. கேக்க வேண்டியது என் வேல."

"நீங்க அம்புட்டு கஷ்டப்பட்டு எழுதினீங்க."

"புள்ள, அது என் பெழ."

"வுடுங்க மாமா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லாதீங்க. அத்தைக்கிட்டயும். அத்த கேட்டா, தான் அஞ்சு நாளு வச்சதாலதான் இப்புடி ஆச்சுன்னு நெனச்சுக்கும். அது தாங்காது."

அந்தப் பிழையை அவள் கையிலிருந்து நான் திரும்ப வாங்க முடியவில்லை. அன்றும் முடியவில்லை, அதற்குப் பிறகு எத்தனை முறை பேசியும் முடியவில்லை. அவளுடைய வாழ்க்கையில் நான் பொறுப்பெடுக்காத விஷயமே கிடையாது. எனக்கு உரிய பிழையைக் கேட்டபோது மட்டும் அவள் தரவில்லை. புருஷனிடமும் மாமியாரிடமும் இன்றுவரை சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி நடந்துகொள்வது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. புருஷன் பழையபடி போயாவுக்குத்தான் வருகிறான். யாரும் சாவதில்லை. வெற்றிலையும் திரும்ப வந்துவிட்டது, பொயிலையோடு. நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

போன மாதம் ஒரு வேலையாக லயத்துக்குப் போனேன். அதே ஆணியில் இந்த வருடக் கலண்டர் தொங்கியது. யார் வாங்கியதென்று தெரியவில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் அழுத்தியபடி முன்னறைக்கு வந்தாள். சாமி பலகைக்குக் கீழே நின்று, நூலில் தொங்கிய பேனாவை எடுத்து, அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அது முதல் நாள்; குளித்திருக்கவில்லை.

மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "அண்ணே, தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா, வேணாமா?" என்று கேட்டார்.